மச்சான் கடை ஷட்டர்

மச்சானின் தையல் கடை ஷட்டர் அவர் கால்மேல் விழுந்ததற்குக் காரணம் நான்தான். பழைய கியர் மோட்டார் அதை ஆமை வேகத்தில் தூக்குகிறதே என்று, அவர் கேட்காமலே வேறொன்றை மாட்டிக் கொடுத்தேன். வேகமாகத்தான் ஏறியது. கரண்ட் போனதும் அதைவிட வேகமாக இறங்கியது.

பழையதில் திருகு போன்ற தண்டு ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றும். வேகம் குறைந்து பலம் கூடும். ஆனால் ஷட்டரின் எடை கீழே இழுத்தாலும் சக்கரத்தால் அந்தத் திருகைத் திருப்பிச் சுழற்ற முடியாது. அதனால் மோட்டார் நின்றாலும் ஷட்டர் அந்தரத்தில் அப்படியே நிற்கும். மோட்டார் மெக்கானிக்கான எனக்கு இது முன்பே தெரியும். அவர் கால் உடைந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

நான் பார்க்கப் போனபோது மச்சான் வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

"ரொம்ப வலிக்குதா மச்சான்?"

"சேச்சே, எறும்பு கடிச்ச மாதிரிதான். உக்காருங்க மாப்பிள்ளை, காபி குடிங்க."

"என்மேல கோவமா?"

"உங்க மேலயா? சர்க்கரை போதுமா?"

தங்கை புருஷனைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க மச்சான். சொல்லலைன்னா தினமும் வந்து கேப்பேன்."

அதைக் கேட்டதும் மிரண்டுவிட்டார்.

"வலி உயிர் போகுது. கோவம் அதுக்கும் மேல. போய் அந்தப் பழைய மோட்டாரை மாட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."