கந்தல் கட்டிய சைக்கிள்

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவருக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. பிழைக்கப் போன அந்த ஊரில் முதல் பஸ் கிளம்புவதும் ஆறு மணிக்குத்தான். எந்தப் புத்திசாலி போட்ட நேரமோ. இரண்டு தடவை பிந்திவிட்டார். மூன்றாவது தடவை பிந்தினால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். அதனால்தான் சைக்கிள் வாங்கினார், ஆசைப்பட்டு இல்லை.

கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்றான் கடைக்காரன். திருடனுக்கும் கண் இருக்கிறதே என்று இவர் அப்போதே நினைத்தார். கடைக்காரன் கொடுத்த பூட்டை நம்பவில்லை. விற்கிறவனிடம் மறுசாவி இருக்காது என்று என்ன நிச்சயம்? வேறு தெருவில் வேறு பூட்டு வாங்கினார். வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கடைக்காரன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

தவிர, பூட்டு தொங்கினால் விலையுள்ள சாமான் என்று நாமே தண்டோரா போட்ட மாதிரி. இரண்டு பூட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சிவப்பின் மேல் கறுப்புப் பெயிண்டைப் பூசி, ஈரம் காய்வதற்குள் மண்ணை அள்ளித் தூவினார். ஹேண்டில்பாரில் கந்தலைச் சுற்றினார். ஒரே சாயங்காலத்தில் சைக்கிளுக்கு இருபது வயது கூடிவிட்டது.

அறையில் கூட இருந்த மனைவியின் தம்பி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"மச்சான், இதப் பாத்தா திருடன் பாவப்பட்டு அவன் சைக்கிள இங்க விட்டுட்டுப் போவான்."

"போகட்டும். அதுக்கும் பெயிண்ட் மிச்சம் இருக்கு."

மாடிக்குச் சைக்கிளை ஏற்றக்கூடாது என்பது அந்தக் கட்டடத்துச் சட்டம். சீட்டை மட்டும் தினமும் கழற்றிக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

"சீட் இல்லாம எவன் ஓட்டுவான்?"

"நின்னுக்கிட்டே ஓட்டுவான் மச்சான். திருடன் உக்காந்துதான் ஓட்டணும்னு இருக்கா?"

நாலு நாள் நேரத்துக்குப் போனார். ஐந்தாம் நாள் காலை ஐந்தே கால் மணிக்கு, சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினால், சைக்கிள் நின்ற இடம் வெறிச்சென்று கிடந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்த சைக்கிள் எங்கம்மா?"

"சைக்கிளா? கந்தல் கட்டின இரும்பு ஒண்ணுதான் கெடந்துச்சு. குப்பை லாரிக்கு ஒதுக்கிட்டேன்."

"அது என்னோடதும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எடைக்குப் போடலாம்னு பாக்கறீங்க."

தன்னைப் போலவே யாரையும் நம்பாத ஒரு பிறவியை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். வாயால் சொல்லிப் பயனில்லை. குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் சாத்தியிருந்த சைக்கிளிடம் போய்ச் சீட்டைக் குழாயில் சொருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். சிவப்பு எட்டிப் பார்த்தது.

அம்மாள் விளக்குமாற்றைத் தாழ்த்தினாள். "சரி, உங்களுதுதான். வேற எவன் விடியக்காலையில சீட்ட இடுக்கிக்கிட்டுத் திரிவான்? ஆனா நாளைக்கும் இப்படியே நின்னா லாரிக்குத்தான் போகும். ஆள் இருக்கற சாமான்னு தெரியற மாதிரி ஏதாவது ஒண்ணு பளிச்சுனு இருக்கட்டும்."

வாயில் நுரை தள்ள மிதித்தார். மூன்று நிமிஷம் முன்னதாகவே சலவைக்கூடத்து வாசலில் நின்றார். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், உள்ளே போனான்.

அன்று சாயங்காலம் இஸ்திரிக்காரர் பெல்லை மட்டும் துடைத்தார். முகம் தெரியும்வரை துடைத்தார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். மனசு கேட்கவில்லை.

அவர் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் 'கிணிங்' என்று சத்தம் வந்தது. மச்சினன் கதவைத் திறந்தான். இவர் கையில் சீட், சட்டைப்பை புடைத்திருந்தது.

"பெல்லையுமா கழட்டிட்டீங்க? அது கீழ இருந்தாதான மச்சான் குப்பை இல்லைன்னு தெரியும்?"

வாசலிலேயே நின்று யோசித்தார். சீட்டை மச்சினன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கினார். 'கிணிங், கிணிங்' என்று சத்தமும் கூடவே இறங்கியது.