கீழறைத் தாழ்ப்பாள்

விடியற்காலை நாலரைக்கெல்லாம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் நீராவி உருளை சூடாகிவிடும். ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். விரல் நுனி வெந்து, உரிந்து, தோல் கட்டி, மறுபடி வேகும். விடுதிகளில் யாரோ தூங்கி எழுந்த விரிப்புகள், நாளைக்கு ஆயிரத்து இருநூறு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டம் எனக்கு வாங்கித் தந்தது இந்த உருளையின் இடது முனையை.

மூன்று மாதம் முன்புவரை வலது முனையைப் பிடித்தவர் நெட்டையக்கா. திருநங்கை. ஆறடி உயரம். "கொடி எதுக்குடி கட்டறீங்க, என் கையில மாட்டுங்க, காஞ்சுடும்" என்பார். ஒருநாள் விடுதிக்காரர்கள் சலவைக்கூடத்தைப் பார்க்க வந்தார்கள். ஒருவன் அக்காவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். மறுநாளே முதலாளி அவரைக் கீழறைக்கு அனுப்பிவிட்டார். இரத்தமும் வாந்தியும் பட்ட விரிப்புகளைப் பிரித்து ஊறவைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

வெளியாட்கள் வந்தால், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பவள் ஓடிப்போய் அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும். நாற்றம் மேலே வரக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. உள்ளே ஆள் இருக்கிறதே என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நிமிஷம்தானே.

அன்று காலை ஒன்பதுக்கு வந்தார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

கதவு முழுசாகச் சாத்த வரவில்லை. துணி மூட்டை இடிக்கிறது என்று நினைத்தேன். தோளைக் கொடுத்து முட்டினேன். தாழ் விழுந்தது. மேலே வந்து வேலையைப் பார்த்தேன். வந்தவர்கள் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

திறந்தபோது அக்கா நின்றபடி இருந்தார். வலக்கையின் இரண்டு விரல்கள் கீல் பக்கத்து இடுக்கில் இருந்தன. கதவு நகர்ந்ததும் கை தொங்கியது. ஒரு நகம் மரத்திலேயே ஒட்டியிருந்தது. இருபத்தைந்து நிமிஷமும் ஒரு சத்தம் வரவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்துத் தாடை வரைக்கும் இரத்தம். என்னைப் பார்த்தார், நான் யாரென்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, நான் வெளிய போகல" என்றார். "சத்தியமா போகல."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில்தான் சொன்னார். பதினாறு வயதில் சொந்த அண்ணன் அவரைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறான். பத்தொன்பது நாள். கத்தினால் அடி விழும். கத்தாமல் இருந்தால் ஒரு தட்டு சோறு உள்ளே வரும்.

"கீல் பக்கம் இடுக்கு இருந்துச்சு. அதுல விரல வெச்சுப்பேன். விரலாவது வெளிய இருக்கட்டும்னு" என்று சிரிக்கப் பார்த்தார். "பழக்கம் போகலடி. அந்த ரூம்ல நின்னாலே கை தானா அங்க போகுது. மத்த நாள் சாத்த வர்ற காலடிச் சத்தம் கேட்டதும் எடுத்துடுவேன். இன்னைக்குக் கண்ணு அசந்துடுச்சு. நேத்து ராத்திரியும் தூக்கமில்ல."

"மூணு மாசமா பூட்டறோமே, ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா, இதுங்கள வேலைக்கு வெச்சாலே தொல்லைன்னு சொல்லுவாங்க. முன்னாடி நாலு எடத்துல சொல்லிப் பாத்தாச்சு."

மதியம் நான் திரும்பியதும் முதலாளி கூப்பிட்டார். மேசைமேல் வெள்ளைத் தாள், பேனா.

"நீ படிச்ச பொண்ணு. அது போதையில இருந்துச்சு, தானா கைய விட்டுக்கிச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளையிலேர்ந்து அது வர வேணாம்."

"அது இல்ல சார். அவங்க."

"சரிம்மா, அவங்க. எழுது."

எழுதினேன். 'கதவைச் சாத்தியது நான். தாழ் போடச் சொன்னது நீங்கள். அவர் குடித்திருக்கவில்லை.'

படித்தார். நாலாகக் கிழித்தார். "ரெண்டு எழுத்து படிச்சா திமிரு வந்துடுது. உன் தப்ப நீயே எழுதிக் குடுத்தா உனக்கும்தான் வேலை போகும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். பேனாவ எடுத்துட்டுப் போறேன்."

கூடத்தில் பதினாறு பெண்கள். இரைச்சலில் கத்தித்தான் சொன்னேன். அண்ணன் கதையைச் சொல்லவில்லை. அது என் வாயால் வரக்கூடாது. இங்கே எழுதுவதுகூடப் பிற்பாடு அவரிடம் கேட்டுத்தான். விரலைச் சொன்னேன். கிழித்த தாளைச் சொன்னேன். அதையே இன்னொரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"அங்க போயி ஏன் விரல வெச்சா அவ?" என்றாள் ஒருத்தி.

எங்களில் மூத்தவர் இஸ்திரியக்கா. எட்டிப்போய் உருளையை நிறுத்தினார். அது புஸ்ஸென்று மூச்சு விட்டு அடங்கியது.

"போன வாரம் ரெண்டு தடவ நான்தான் தாழ் போட்டேன். என் பேர எழுது."

"நானும் போட்டிருக்கேன்."

"நான் போட்டுட்டு, வெளிய நின்னு சிரிச்சுட்டு வேற வந்தேன்" என்றாள் முதலில் கேள்வி கேட்டவள். "அதையும் சேத்து எழுது."

பதினொரு பேர் எழுதினார்கள். ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம்தான். ஆனால் உருளையைத் திரும்பப் போட அவர்களும் கை நீட்டவில்லை. அடியில் மூன்று வரி சேர்த்தோம்: வைத்தியச் செலவு கம்பெனியுடையது, அக்கா மறுபடி உருளைக்கு வரவேண்டும், அந்தக் கதவில் தாழ் இருக்கக்கூடாது.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடிவந்தார். "மிஷின் ஏன் நிக்குது? சாயங்காலம் லாரி வருது!"

"காலியாத்தான் போகும் சார்" என்றார் இஸ்திரியக்கா.

"போயும் போயும் அவளுக்காகவா?"

"எங்களுக்காகவும்தான். அவள அனுப்பிட்டா அந்த ரூம்ல அடுத்து யார வெப்பீங்க? வயசாச்சுன்னு என்னைய. புள்ளைத்தாச்சின்னு இவள. பூட்டு அதேதானே சார்?"

"நாளைக்கு ஒருத்தியும் கேட்டத் தாண்ட முடியாது!" தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் நெட்டையக்கா வந்தார். கையில் கட்டு. பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவர், உருளை நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். தாளை நீட்டினேன். மெதுவாகப் படித்தார். ஒரு பெயரையும் விடவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்..."

"இப்பக் கேக்காத. இன்னைக்குத் தூக்கம் வருதான்னு மொதல்ல பாக்கணும்." தாளைத் திருப்பினார். "பூட்டுனவங்க எல்லாம் எழுதியாச்சு. உள்ள இருந்தவ எழுத வேணாமா?"

இடக்கையில் பேனாவைப் பிடித்தார். குழந்தை எழுத்துப்போலக் கோணிக் கோணி வந்தது: 'நான் கத்தவில்லை. அதற்கு வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.'

பிறகு தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைப்பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால். நாலடி போனதும் சட்டென்று நின்றார். அடி விழப்போகிறது என்பதுபோல் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. எங்கள் காலடிகள்தாம் காரணம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பின்னாடி வராதீங்கடி" என்றார் திரும்பாமலே. "பக்கத்துல வாங்க."

நடைவழி இரண்டு பேர் போகும் அகலம்தான். இடித்துக்கொண்டு, சுவரில் முழங்கை உரசி, ஒருக்களித்து அவர் பக்கத்துக்கு வந்தோம். குனிந்து நின்ற ஐவரில் இரண்டு பேரும் வந்து நெருக்கினார்கள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கு வேறு ஆட்கள் வேண்டும், உடனே வேண்டும் என்று.

அக்கா இடக்கையால் அந்தக் கதவைத் தட்டினார். கூடமெல்லாம் கேட்கிற மாதிரி தட்டினார்.