மலை அடக்குது

அன்று மாலை எங்கள் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, தம்பி மனைவி, என் மனைவியின் தம்பி. வேறு யாரும் இல்லை. வாசலில் நின்று கேட்டதாகச் சொல்பவர்களை நாங்கள் பார்க்கவில்லை.

என் தம்பி எரிமலை ஆய்வாளன்; மலைமேல் கண்காணிப்பு நிலையத்தில் இருந்தான். மைத்துனன் நகராட்சி அறிவிப்பாளன். தெருக் கம்பங்களின் ஒலிபெருக்கிகளில் கேட்கும் குரல் அவனுடையது.

வாரக்கணக்காகப் புகைந்த மலை அன்று காலை புகைவதை நிறுத்தியிருந்தது. தெருநாய்கூடக் குரைக்கவில்லை.

"மலையே புகையை விட்டுடுச்சு. அத்தான், நீங்கதான் இன்னும் சிகரெட்டை விடல," என்றான் மைத்துனன்.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி பலமுறை சொல்லியிருக்கிறான்: ஆற்றின் எதிர்க்கரை மலையில் எரிகுழம்பு எண்ணெய்போல வழியும், நடந்தே தப்பலாம். எங்கள் மலையில் அது பசைபோலக் கெட்டி, வாயை அடைத்துக்கொள்ளும். மலை வாயுவை உள்ளேயே அடக்கும். வெடித்தால் கொதிக்கும் சாம்பல் மேகமாக உருண்டு வரும். காரும் அதை முந்தாது. அவன் சொல்லும்போதெல்லாம் மைத்துனன் வேடிக்கை பேசிக்கொண்டிருப்பான்.

தொலைபேசி அடித்தது. மைத்துனன் ஸ்பீக்கரில் போட்டான். ஒரே இரைச்சல்; நடுவே தம்பியின் குரல்.

"அண்ணே, மலை அடக்குது. ஊருக்குச் சொல்லிடுங்க!"

இணைப்பு அறுந்தது.

"நான் பாத்துக்கறேன் அத்தான்," என்று மைத்துனன் அலுவலகத்துக்கு ஓடினான். எச்சரிக்கத்தான் போகிறான் என்று நினைத்து, பெண்களைக் காரில் ஏற்றினேன்.

பாலம் தாண்டும்போது கம்பங்களில் அவன் குரல் கேட்டது: "மலை அடங்குது. யாரும் பயப்பட வேண்டாம். வீட்டுலயே இருங்க."

"மாமா, அவர் அப்படிச் சொல்லலியே!" என்று அலறினாள் தம்பி மனைவி.

காரைத் திருப்பினேன். அதற்குள் மலை பிளந்தது. நிலையம் முதலில் போயிற்று. பிறகு ஊர். சாம்பல் மேகம் ஆற்றங்கரையோடு நின்றதால் நாங்கள் மூவரும் தப்பினோம். மைத்துனன் கடைசிவரை மைக்கை விடவில்லை. தான் சொன்னதை அவன் நம்பினான்.

இப்போது ஆற்றின் இக்கரையில் இருக்கிறோம். அக்கரையில் ஒலிபெருக்கிக் கம்பிகள் உருகித் தொங்குவதை நானே பார்த்தேன். ஆனாலும் பொழுது சாய்ந்தால் சாம்பலுக்குள்ளிருந்து அறிவிப்பு கேட்கிறது. தம்பி மனைவி சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அவரா மாமா?" என்று கேட்கிறாள்.

தப்பாகச் சொல்லி ஊரைச் சாகவிட்டதற்காக என் தம்பிதான் அப்படி அலைகிறான் என்று பேச்சு.

தவறு. அந்தக் குரல் 'அடங்குது' என்கிறது. அது மைத்துனன். என் தம்பி 'அடக்குது' என்றுதான் சொன்னான்.