வெள்ளத்தில் போன பீப்பாய்கள்

கேளம்பாக்கத்தில் சரவணகுமார் வைத்திருந்த மெக்கானிக் கடையின் அடிபம்பில் ஒருநாள் எண்ணெய் வாடை அடித்தது. ஆட்டோ, வேன் என்று எது வந்தாலும் வடித்த பழைய ஆயிலை அவனும் மற்றவர்களைப் போலப் பின்பக்கக் கால்வாயில்தான் ஊற்றிவந்தான். கையில் பிடித்த தண்ணீரை மோந்து பார்த்தவன் அன்றோடு நிறுத்திவிட்டான். இரும்புப் பீப்பாய் ஒன்றை வாங்கிப்போட்டுச் சேர்க்க ஆரம்பித்தான்.

சேர்த்ததை என்ன செய்வது? பழைய ஆயில் வாங்க மினி வேனில் ஒருவன் வருவான். அதை வடிகட்டி, புது டப்பாவில் அடைத்து, புது ஆயில் என்று விற்பவன். அப்படி ஓர் ஆயிலை ஊற்றி இன்ஜின் ஜாமான வண்டியைச் சரவணகுமாரே பிரித்திருக்கிறான். அவனிடம் கொடுக்க மனம் வரவில்லை. பதிவு பெற்ற கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக, கல்பாக்கத்திலிருந்து காரைச் சர்வீஸுக்குக் கொண்டுவரும் தாமோதரன் சார் சொன்னார். ஒரு கம்பெனியின் நம்பரும் வாங்கித் தந்தார்.

"லோடு சேந்தா கூப்டுங்க. ஒண்ணு ரெண்டு பேரலுக்கெல்லாம் வண்டி வராது" என்றார்கள் போனில்.

சரி என்று சேர்த்தான். கடைக்குப் பின்னால் பீப்பாய்கள் பெருகின. அவன் மனைவி காயத்ரிக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே கால்வாயில ஊத்திகினு கீது. உனுக்கு மட்டும் இன்னாய்யா வந்துச்சு?"

"இன்னும் கொஞ்சம் சேந்தா வண்டி வந்துரும்டி."

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. ஏரி உடைந்து தண்ணீர் கடைக்குள் கழுத்தளவுக்கு வந்தது. புருஷனும் பெண்சாதியும் பள்ளிக்கூட மாடியில் போய் ஒண்டிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் பின்சுவர் விழுந்து கிடந்தது. பீப்பாய் ஒன்றுகூட இல்லை.

சுவர்களிலும் வேலிகாத்தான் முள்ளிலும் படிந்திருந்த கறுப்பு எண்ணெய்க் கறையைப் பிடித்துக்கொண்டே கால்வாயோரம் நடந்தான். அது தையூர்ப் பக்கத்து வயல்களில் போய் முடிந்தது. வரப்பில் மோதி மூடி தெறித்த பீப்பாய்கள் சேற்றில் கிடந்தன. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத நெற்பயிர், தார் பூசியதுபோல் சாய்ந்து ஒட்டிக் கிடந்தது. கிணற்றில் தண்ணீரே தெரியவில்லை, எண்ணெய்தான் தெரிந்தது.

அது காயத்ரியின் அண்ணன் திருவேங்கடத்தின் நிலம்.

பக்கத்துக் கடை செல்வராஜ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "வாய மூடிகினு இரு அண்ணாத்த. பேரலு மேல உன் பேரா எழுதிக் கீது? வெள்ளம் எங்கெங்கிருந்தோ இட்டாந்துச்சுன்னு போயிரும்."

சரவணகுமாரால் முடியவில்லை. அன்று சாயங்காலமே மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"மச்சான், அது என் கடை ஆயிலு."

திருவேங்கடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தெரியும் மாப்ள" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாளிலிருந்து சரவணகுமார் வயலில் இறங்கினான். வைக்கோலைப் பரப்பி எண்ணெயை ஒற்றி எடுத்தான். கோணியை முக்கி முக்கிப் பிழிந்தான். முழங்கால்வரை தோல் வெந்து கொப்புளித்தது. காயத்ரியும் கூட இறங்கினாள். திருவேங்கடத்தின் மனைவி சாரதாம்பாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். எடுத்ததையெல்லாம் மறுபடியும் பீப்பாயில்தான் நிரப்ப வேண்டியிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டான்.

"தண்ணி கலந்திருச்சா? அப்ப எங்களுக்கு வேணாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

சேதம் பார்க்க வந்த அதிகாரி வரப்பைவிட்டு இறங்கவே இல்லை. வெள்ளத்தில் அழிந்த பயிருக்குத்தான் நிவாரணம், இது எண்ணெயில் அழிந்தது என்றார். பக்கத்து நிலக்காரர்களுக்குத் தண்ணீர் வடிந்ததும் பயிர் நிமிர்ந்து பச்சை கட்டியது. அவர்கள் மடையை மட்டும் சேறு போட்டு இறுக அடைத்துக்கொண்டார்கள். திருவேங்கடத்தின் நிலத்துத் தண்ணீர் தங்கள் பக்கம் வந்துவிடக் கூடாதாம்.

அடுத்த பருவத்தில் திருவேங்கடம் மறுபடி நட்டார். நாற்று வேர்பிடிக்காமல் மஞ்சளாகிக் கரிந்தது. மண்வெட்டி போட்டுப் புரட்டிய இடமெல்லாம் மண் பளபளத்தது.

"எத்தினி வருசம் ஆவும் மாப்ள, இது சரியாவ?"

"தெர்ல மச்சான்."

அந்த வருஷமே நிலம் பிளாட் போடுகிறவன் கைக்குப் போனது. எண்ணெய் பட்ட மண் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டான். கொடுத்தார்கள். தீபாவளிக்குத் தாய்வீடு போன காயத்ரியைச் சாரதாம்பாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உன் வூட்டுக்காரு கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா நீங்க வரவேணாம். பாத்தா வயிறு எரியுது."

காயத்ரி கொண்டுபோன பலகாரத்தோடு திரும்பி வந்தாள். அதன்பிறகு கடை ஆயிலை அவளே எடுத்துப்போய்க் கால்வாயில் கொட்டினாள். சரவணகுமார் ஸ்பேனரைத் துடைத்தபடி தலையைத் திருப்பிக்கொள்வான். தடுக்கவில்லை.

திருவேங்கடத்துக்குப் படூரில் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டு ஒருநாள் மத்தியானம் சரவணகுமார் பார்க்கப் போனான். தொளதொள நீலச் சட்டையில் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்ள. சாப்ட்டியா?"

"ஆச்சு மச்சான்." சரவணகுமார் நாற்காலியோரம் நிழலில் ஒதுங்கி நின்றான். "காயத்ரி அழுதுகினே கீறா. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்."

"வந்து இன்னா பேசறது?" என்றார் திருவேங்கடம். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போய் கேட்டைத் திறந்து, நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்து நின்றார். கார் போன பிறகும் திரும்பி வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே நின்றார். சரவணகுமார் சற்று நேரம் காத்திருந்துவிட்டு அவரைத் தாண்டி வெளியே வந்து, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினான்.