ஏலத்தில் தில்லையம்மாள்

“மூக்குத்தி மேல கை வெக்காதீங்க அத்தை!”

காவேரி போட்ட சத்தத்தில், குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெஞ்சில் கிடத்தியிருந்த தில்லையம்மாளின் முகத்தருகே போன கையைக் கிருஷ்ணவேணி அத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் போன அன்னிக்கே கழட்டியிருக்கணும். உங்கம்மா மாட்டேன்னு அடம் புடிச்சா. இப்ப நீயாடி?”

“அம்மா மூஞ்சிய ஒரு போட்டோ எடுக்கணும். அப்புறம் கழட்டுங்க.”

அன்று வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் எடுத்தாக வேண்டும். இரண்டு மணிக்குச் சென்னையில் ஏலம். இரண்டு கெடுவும் காவேரியின் தலைமேல்தான் நின்றன.

ஏலத்துக்கு வருவது ஒரு மரக்கட்டை அச்சுப்படம். நாற்பது வருஷத்துக்கு முன்பு ஓர் ஓவியர் பிள்ளையார்பாளையம் வந்து, தறியில் உட்கார்ந்திருந்த தில்லையம்மாளை மூன்று நாள் பார்த்துப் பார்த்துப் பலகையிலேயே செதுக்கினார். மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார். “கீழே உங்க பேரைப் போடுவேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். இப்போது மனிதர் இல்லை, படத்துக்கு மட்டும் ஏகக் கிராக்கி. போன வாரம் தம்பி சிவராஜ் ஏலக்காரர்களின் இணையப் பக்கத்தைச் செல்போனில் காட்டினான். படத்தின் கீழே ‘பெயர் தெரியாத நெசவுப் பெண்’ என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் தில்லையம்மாள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பொரிந்து தள்ளினாள். “பேரு தெரியாதாமா? கழுத்து நோவ மூணு நாளு குந்திக்கினு இருந்தேன். ஏலம் உடறதுக்குள்ள என் பேரப் போட வெய்டீ.”

காவேரி அன்றைக்கே ஆதார் அட்டையை அனுப்பினாள். ஏல ஆபீசில் திரிஷா என்ற பெண் தன்மையாகத்தான் பேசினாள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சுப்படத்தில் மூக்குத்தி இடப்பக்கம், மோவாய் மச்சம் வலப்பக்கம். ஆதாரில் இரண்டும் மாறித் தெரிகின்றன. “அதுவும் மங்கலா இருக்கு மேடம். தெளிவான போட்டோ இருந்தா அனுப்புங்க.” எங்கே போவது? போட்டோ என்றாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள் தில்லையம்மாள். விடிகாலையில் அவள் மூச்சு நின்றபோது, அழுகைக்கு முன்னால், இனி போட்டோவுக்கு முகத்தை மூட மாட்டாளே என்ற நினைப்புதான் வந்தது. சே, என்ன பிறவி நான் என்று காவேரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இப்போது முகம் தெளிவாக விழுந்தது. மூக்குத்தி வலப்பக்கம், மச்சம் இடப்பக்கம். திரிஷா சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. காவேரி நகர்ந்துகொண்டாள். அத்தை திருகாணியைக் கழற்றினாள்.

குளிப்பாட்டி, புதுப்புடவை சுற்றி முடிக்கும்போது சிவராஜ் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுடன் வந்தான். வேறு நல்ல படம் கிடைக்காமல், ஏலப் படத்தையே கொடுத்து அடித்துவிட்டிருந்தான். அத்தை ஒன்றை வாங்கிப் பார்த்தாள். மூஞ்சி சுளித்தாள்.

“இன்னாடா அடிச்சுக் குடுத்திருக்கான் அந்தப் பிரஸ்காரன்? கண்ணாடில பாக்கறாப்புல எல்லாம் மாறி இருக்குது!”

காவேரி நிமிர்ந்தாள். நெசவாளர் சொசைட்டி ஆபீசில் நாள் முழுக்க ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற கை அவளுடையது. அட, ஆமாம்! போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“திரிஷாம்மா, அவரு பலகையில சரியாதான் செதுக்கினாரு. ஒத்தி எடுத்தா இடம் வலமா மாறத்தானம்மா செய்யும்? எங்க ஸ்டாம்புல எழுத்து அப்படித்தான் திரும்பிக்கினு இருக்குது. உங்க படத்தத் திருப்பி, நான் அனுப்பற போட்டோ பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

பேச்சோடு பேச்சாகப் போட்டோவை அனுப்பினாள். திரிஷா மெல்லிய குரலில், “மேடம்… போட்டோல அம்மா கண்ணு மூடி இருக்காங்களே?”

“இன்னிக்குக் காலையில தவறிட்டாங்கம்மா.”

“ஐயோ… சாரி மேடம். சார்கிட்ட இப்பவே பேசறேன்.”

ஒரு மணிக்கு எடுத்தார்கள். தெருமுனை வரைக்கும் பெண்கள் அழுதுகொண்டே போய்த் திரும்பினார்கள். காவேரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது, அடக்க முடியாமல் வந்தது. அழுதுகொண்டே வீட்டைக் கழுவினாள்.

இரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது ஈரக்கையால் போனில் ஏலப் பக்கத்தைத் திறந்தாள். பழைய வரிதான் இருந்தது. இன்னொரு வாளி ஊற்றித் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தாள்.

‘தில்லையம்மாள், பிள்ளையார்பாளையம்.’

“இன்னாடி போட்டிருக்குது?” என்று அத்தை கேட்டாள்.

“உங்க அண்ணி பேரு அத்தை.”

அத்தை போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். காவேரி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். எதிர்ச்சுவரில் சிவராஜ் ஒட்டியிருந்த போஸ்டரில், பெயர் இருந்த பக்கம் ஒரு முனை பசை விட்டுக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அதை அழுத்தி, பசை பிடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றாள்.