திங்கட்கிழமை எடை

அண்ணன் நர்ஸின் கையிலிருந்து எடை அட்டையைப் பிடுங்கினான்.

“அறுபத்திரெண்டு, அறுபத்திரெண்டு, அறுபத்தொண்ணு! வாராவாரம் இதையே எழுதி வச்சிருக்கே. உள்ள போய்ப் பாரு, எலும்பும் தோலுமா கெடக்கிறாரு. கண்ணை எங்க வச்சிருந்தே?”

உள்ளே மூன்றாவது கட்டிலில் அப்பா செத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பழைய இரும்புக் கடையில் முப்பது வருடம் எடை போட்ட மனிதர். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துப் பேசினால் கையில் கிடைத்தது பறந்து வரும்.

வாய்ப் புற்று முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாரத்தில் ஐந்து நாள் முகத்தில் வலைமூடியை மாட்டி, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். திங்கட்கிழமை எடை பார்த்து, அதோடு கீமோவும் ஏற்றினார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கட்டி மசியும் என்றார்கள். வாய் வெந்து, எச்சில் வற்றி, ஒரு மடக்குத் தண்ணீருக்கே அவர் கண்ணில் நீர் வந்தது.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். “கட்டி நல்லா கரைஞ்சுகிட்டுதான் வந்துச்சு. கிட்னி ஏன் இப்படி நின்னுச்சுன்னுதான் புரியல. எடையை வச்சுத்தான் மருந்தோட அளவே போடுறோம்.” நர்ஸின் பக்கம் திரும்பினார். “மெஷின் சரியா இருக்கான்னு பாத்தீங்களா?”

“பாத்தேன் டாக்டர். சத்தியமா பாத்தேன்.”

“சத்தியத்தை கோர்ட்ல வந்து பண்ணு. உன் வேலையைக் காலி பண்ணாம விடமாட்டேன்” என்றான் அண்ணன்.

நர்ஸ் அழத் தொடங்கினாள். சுவரோடு ஒட்டி நின்ற மகளுக்கு அந்த நர்ஸைக் கண்டாலே ஆகாது. அப்பாவின் உதடு வெடித்திருந்ததற்கு, “பெத்தவருக்குத் தண்ணி குடுக்கக்கூட வலிக்குதா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி நர்ஸோடு போய்விடும். நல்ல யோசனைதான். இரண்டு நிமிடம் அதையே யோசித்தாள்.

“நான்தான்” என்றாள் பிறகு. “பனியனுக்குள்ள பை தைச்சுக் குடுத்தேன். தராசுப் படிக்கல் போட்டுக்க.”

இரண்டாவது வாரமே எடை இறங்கியது. இன்னும் இறங்கினால் வயிற்றில் குழாய் வைத்துத்தான் கஞ்சி ஊற்றணும் என்று சொல்லியிருந்தார்கள். குழாய் என்றாலே அப்பாவுக்கு உயிர் போய்விடும். கடையிலிருந்து படிக்கல்லை எடுத்துவந்து, தையல்காரி மகள் முன்னால் பனியனை நீட்டினார். மேலே தொளதொளச் சட்டை, அதற்கும் மேலே குளிருக்கென்று சால்வை. வாரம் ஒரு பை கூடியது.

“கடைசியா எத்தனை கிலோ?” என்று கேட்டார் டாக்டர்.

“ஒம்பது.”

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. “இல்லாத உடம்புக்கும் சேர்த்து மருந்து ஏத்தியிருக்கோம்.”

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பாவி. எதிர்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தியே.”

“ஏன்டி செஞ்சே?” என்றான் அண்ணன்.

“கேட்டாரு.”

“கேட்டா செஞ்சிடுவியா?”

“கெஞ்சினாருண்ணா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு. பொறந்ததுலேர்ந்து நாயே பேயேன்னுதான் கூப்பிட்டாரு. முதல் தடவையா கெஞ்சினாரு.”

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. எந்த வாரமும் உடனே சரி என்றதில்லை. கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தாள். வெட்கக்கேடுதான், ஆனால் அது இனித்தது.

மத்தியானம் உடலை வண்டியில் ஏற்றினார்கள். அண்ணன் பின்னால் ஏறிக்கொண்டான். அவள் முன்கதவைத் திறந்தாள்.

“அவ வேண்டாம். நீங்க எடுங்க” என்றான் உள்ளிருந்து.

டிரைவர் அவளைப் பார்த்தார், கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தார், கையை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. உள்ளே பாதிக்கு மேல் காலி. “உக்காரும்மா, எவ்வளவு இடம் கெடக்கு” என்றார் கண்டக்டர். அவள் கம்பியைப் பிடித்தபடி வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.