பின் சீட்டின் நடுவில் ஒரு மேடு

ஒன்பது படங்கள். சக்கரபாணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை முகத்தருகே பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். காரின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, ஸ்டீயரிங், கிலோமீட்டர் காட்டும் திரை, எஞ்சின், டிக்கி, டயர். கடைசிப் படம் வந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தார். டயரைக்கூடப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். பின் சீட்டைப் போடவில்லை.

விளம்பரத்தை அனுப்பியவள் அவர் மகள் கலைமதி. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “அந்தத் திருவெண்ணெய்நல்லூர்க்காரரு காரை விக்கிறாராம்ப்பா, உங்களுக்கு அனுப்பியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள். அங்கே ஒரு கல்லூரியில் நூலகர். திருவெண்ணெய்நல்லூர்க்காரர் என்றால் மணிமாறன்; வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வரப்போகிறவன். இன்று வியாழன். தரகர் கொடுத்த பயோடேட்டாவில் வயது முப்பத்தைந்து, ஒரே பையன், சொட்டுநீர்ப் பாசனக் குழாய் போடும் தொழில், எட்டு ஏக்கர் நெல்லும் கரும்பும், சொந்தக் கார் என்று இருந்தது. சொந்தக் காரைக் காட்டிப் பெண் கேட்கிறவன், பெண் பார்க்க வருவதற்கு மூன்று நாள் முன்னால் அதை ஏன் விற்கிறான்?

சந்தேகப்படுவதற்காகவே சக்கரபாணிக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்திருந்தது. கடைசிப் பதினாறு வருஷம் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர். விக்கிரவாண்டியிலோ கூட்டேரிப்பட்டிலோ வண்டியை மறித்து ஏறினால், டிக்கெட்டுக்கு முன்னால் முகத்தைத்தான் பார்ப்பார். தூங்குகிறவனை விட்டுவிடலாம். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவனையும் விட்டுவிடலாம். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறான் பாருங்கள், கோளாறு அவனிடம்தான். இரண்டு ஸ்டேஜுக்கு முன்பே முடிந்துபோன டிக்கெட்டாக இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் மாப்பிள்ளைகள் பக்கம் திரும்பியது. இதுவரை பதினோரு பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருந்தார். ஒருவனைத் தெருவே ஒன்றுகூடிப் புகழ்ந்தது, இறக்கிவிட்டார். இன்னொருவன் வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தான், அவனையும் இறக்கிவிட்டார். கலைமதிக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவதாக இந்த மணிமாறனின் போட்டோ வந்த அன்று அவள் சொன்னாள்: “இதோட போதும்ப்பா. இவரும் சரியில்லைன்னா இனிமே யார் போட்டோவையும் வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

ஆளை விசாரிப்பதற்கு முன் வண்டியை விசாரித்தார். அதே மாடல் கார் ஒன்றைத் திண்டிவனத்தில் வைத்திருந்தவர், வேர்க்கடலை மண்டி நடத்தும் மல்லாட்டை வியாபாரி பாண்டுரங்கன். வண்டி எப்படி என்று கேட்டதுதான் தாமதம், கடைசிப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் ஆரம்பித்துவிட்டார். பார்க்கக் குட்டி வண்டி. ஆனால் எஞ்சினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகிறது. மரக்காணம் கடற்கரை மணலில் மீன் வேன் ஒன்று புதைந்து கிடந்தபோது இவர்தான் கயிறு கட்டி இழுத்துவிட்டாராம். அடைமழையிலும் சறுக்காமல் களத்துமேடுவரை போகிறதாம். குறை என்றால் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். வேலை செய்கிற மாடு தீனி தின்னாதா என்று அவரே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டார். இதே வண்டியை ஒருவன் இரண்டே வருஷத்தில் விற்கிறான் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

“இத்த வாங்கனவன் விக்க மாட்டான் சார். விக்கிறான்னா இன்னாவோ இருக்குது. நல்லா குனிஞ்சி பாருங்க.”

அந்த வார்த்தை போதும். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். பெயர் கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னார்: பாண்டுரங்கன், திண்டிவனம், மல்லாட்டை வியாபாரம். மறுமுனையில் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, மறுநாள் பத்து மணிக்கு விழுப்புரம் புதுப் பேருந்து நிலைய வாசலில் வண்டியோடு நிற்பதாகச் சொன்னது குரல். அந்த ஒரு நொடியையும் சக்கரபாணி மனதில் குறித்துக்கொண்டார்.

மணிமாறன் போட்டோவில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தான். முழங்கைவரை மடித்த சட்டை, செருப்பில் காய்ந்த சேறு. காரும் அப்படியே கழுவாமல் வந்திருந்தது. விற்கிறவன் வண்டியைக் கழுவாமலா கொண்டுவருவான்? சக்கரபாணி ஒரு சுற்று சுற்றிவந்தார். பெயின்ட்டில் ஒட்டுவேலை தெரிகிறதா என்று வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தார், இல்லை. குனிந்து அடியிலும் பார்த்தார். உலர்ந்த சேற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் மணிமாறன் குறைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டான். டவுனுக்குள் லிட்டருக்கு ஒன்பதுதான் கொடுக்கிறது. ஒரு டயர் வீணானாலும் நாலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்ததும் புதிதும் கலந்தால் பின் அச்சுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி கெட்டுவிடும். அந்தப் பெட்டி அடியில் இருப்பதால் டிக்கியின் தரை மேலே ஏறிவிட்டது, இரண்டு சூட்கேஸுக்குமேல் வைக்க முடியாது. சர்வீஸுக்குப் பாண்டிச்சேரி போக வேண்டும். கியருக்குப் பின்னால் இருந்த திருகுக் குமிழைக் காட்டி, மணல், சேறு, பனி என்று ஓட்டும் விதம் மூன்று இருப்பதாகச் சொன்னான்.

“விழுப்புரத்துல பனிக்கு இன்னா தம்பி வேலை?”

“ஒரு வேலையும் இல்லீங்க. அதுக்கும் சேர்த்துத்தான் துட்டு குடுத்துட்டேன்.”

சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கினார். ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை; இவன் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறான். சின்னச் சின்னக் குறைகளை முன்னால் நீட்டுகிறவன் பெரியதை எங்கே உட்கார வைத்திருக்கிறான்?

மணலில் ஓட்டிக் காட்டச் சொன்னார். பெண்ணையாற்றங்கரையில் கரும்பு டிராக்டர்கள் உழுதுபோட்ட தடத்தில் காரை இறக்கினான். முந்தாநாள் பெய்த மழையில் தடம் முழுக்கக் களி. முன் சக்கரங்கள் ஒரு கணம் சும்மா சுழன்றன. சக்கரபாணி கதவுப்பிடியைப் பற்றினார். பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளியதுபோல் வண்டி எழுந்து, ஆற்று மணலில் இறங்கி, ஒரு அரைவட்டம் போட்டு, வந்த வழியே கரையேறி நின்றது. ஏறியதும் குமிழைப் பழையபடி திருப்பி வைத்தான். அதைச் செய்தபோது அவன் முகத்தில், பிடித்த ஒன்றைப் பிரியப்போகிறவனின் களை தெரிந்தது. இவ்வளவு பிடித்திருக்கிறது, பிறகு ஏன் விற்கிறான்?

“பின்னாடி உக்காந்து பாக்கறேன்” என்று இறங்கினார்.

மணிமாறன் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சீட்டின் இடதுபுறத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. கனமான எதையோ நாள்கணக்கில் இறுக்கிக் கட்டிவைத்த பள்ளங்கள். அவற்றுக்கு நடுவே சதுரமாக ஒரு இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் புதிதாக இருந்தது. முதுகுச் சாய்மானம் சேரும் இடுக்கில் விரலைவிட்டார். உள்ளே இரும்பு வளையம், அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தேய்ந்து உடைந்திருந்தது. குழந்தைகளை உட்கார வைக்கும் நாற்காலியை அங்கேதான் மாட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு சிநேகிதர் தன் சம்பந்தி வீட்டுக் காரில் பேரப்பிள்ளைக்கு மாட்டியதைக் காட்டியிருக்கிறார். பயோடேட்டாவின்படி ஒரே பையன். அக்கா இல்லை, தங்கை இல்லை. கல்யாணம் ஆகாதவன். அவர் கைவிரல் அந்த வளையத்துக்குள்ளேயே இருந்தது. இவனையும் இறக்கிவிட்டால் வீட்டில் ஒருத்தி துணி மடித்துக்கொண்டே இருப்பாள்.

“வூட்ல குழந்தை இருக்குதா தம்பி?”

மணிமாறன் எஞ்சினை அணைத்தான். திரும்பவில்லை, முன்கண்ணாடிக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

“இருக்குதுங்க. பொண்ணு. நாலு வயசாவுது, பொன்னின்னு பேரு.” சாவியை உருவினான். “இந்த வண்டி வச்சிக்கினு இருக்கறவங்க இந்தப் பக்கத்துல மொத்தமே ஒம்போது பேருங்க. எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பு. திண்டிவனம் பாண்டுரங்கன் அண்ணனுக்கு இவ்ளோ பெரிய மீசை.”

சக்கரபாணியின் கை தன்னை அறியாமல் மழித்த மேலுதட்டுக்குப் போனது.

அதன்பிறகு மணிமாறன் சொன்னதெல்லாம் முன்பே பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுபோல் வந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். கோர்ட்டுக் காகிதம் இருக்கிறது. அவள் கோயம்புத்தூரில் மறுமணம் செய்துகொண்டாள், குழந்தை இவனிடம். பயோடேட்டாவை எழுதியது இவன் அம்மா. பின் சீட்டைப் படமெடுத்தவன் இவன்தான், அதைப் போடாதே என்றதும் அம்மாதான். ஜாதகம் பொருந்திய அடுத்த வாரமே தரகரிடம் எண் வாங்கிக் கலைமதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம்.

“எம் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க.”

தெரிந்தேதான் நேற்று டிபன் பாக்ஸை மூடினாள். தெரிந்தேதான் அந்த விளம்பரத்தை அனுப்பினாள். அவளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், உன்னை எவனோ மயக்கிவிட்டான் என்று அவர் தொடங்கியிருப்பார். சக்கரபாணி அதே வேகத்தில் அடுத்த கேள்வியை எடுத்தார். பெற்றவள் எதற்காகக் குழந்தையை விட்டுவிட்டுப் போவாள்? அதில் உன் பங்கு என்ன?

“அத்த நான் சொன்னா எம் பக்கத்து நியாயமாத்தான் இருக்கும். அவங்க நம்பர் தர்றேன், நீங்களே கேட்டுக்குங்க. உங்க பொண்ணு பேசிட்டாங்க, ஒரு மணி நேரம்.”

“இன்னா சொன்னாளாம் அந்தப் பொண்ணு?”

“உங்க பொண்ணு எங்கிட்ட சொல்லலைங்க. ஞாயித்துக்கிழமை வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்குள்ள எங்கப்பா உங்களைத் தேடிக்கினு வருவாரு, எதையும் மறைச்சி வைக்காதீங்க, ஆனா நீங்களா எடுத்தும் குடுக்காதீங்கன்னாங்க. தானா கண்டுபுடிச்சாத்தான் நம்புவாருன்னாங்க. எனக்குத்தான் வாய் நிக்கல. மைலேஜ் பத்தி எல்லாம் சொல்லிட்டேன்.”

கரும்புத் தோட்டத்தில் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரபாணி பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இதுவும் நாடகமாக இருக்கலாம். இருவரும் சேர்ந்து போட்டதாகக்கூட இருக்கலாம். ஆனால் தன் மகள் முன்பின் தெரியாத ஒருத்தியோடு ஒரு மணி நேரம் என்ன பேசியிருப்பாள், எந்தக் கேள்வியை முதலில் கேட்டிருப்பாள், எங்கே மௌனமாக இருந்து மற்றவளைப் பேசவிட்டிருப்பாள் என்று அவரால் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க முடிந்தது.

“சரி. வண்டிய ஏன் விக்கிற?”

“நடுவுல காலு வைக்கிற எடத்த பாருங்க. மேடா இருக்குதில்ல? பின் சக்கரத்துக்குப் போற ராடு அதுக்கு அடியிலதான் ஓடுது. குழந்தை சீட்டு ஒரு பக்கம், எங்கம்மா ஒரு பக்கம். நடுவுல ஒருத்தர் உக்கார முடியாது. நீங்களோ அத்தையோ வந்தா எங்க உக்காருவீங்க? இந்த இழுவையெல்லாம் இல்லாத வண்டியா, கொஞ்சம் பெருசா பாத்துக்கினு இருக்கேன். மழை பேஞ்சா ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து போய்க்கலாம்.”

அத்தை. இன்னும் பெண் பார்க்கவே வரவில்லை, அதற்குள் அவர் மனைவி இவனுக்கு அத்தை. சக்கரபாணி அதையும் குறித்துக்கொண்டார். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

மணிமாறன் மணி பார்த்தான். பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டுவிடும், தான் போயாக வேண்டும் என்றான். அவர் இறங்கிக்கொள்வதென்றால் மேலே ரோட்டில் விழுப்புரம் பஸ் வருகிற நேரம், வருவதென்றால் வரலாம். சொல்லிவிட்டு, டிக்கியில் புழுதி படாமல் போர்வை போட்டு மூடியிருந்த குழந்தை நாற்காலியை எடுத்துவந்து அதன் பழைய பள்ளங்களில் வைத்து மாட்டினான். பஸ் ஹாரன் கேட்டது. சக்கரபாணி அதைக் கேட்டார். பள்ளிக்கூட வாசலில் இவனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வலதுபக்கம் நகர்ந்தார்.

வாசலில் யாரையும் விசாரிக்க முடியவில்லை. ஆயா குழந்தையைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். பொன்னி நாற்காலியில் உட்கார்ந்து, பட்டை மாட்டப்படும்வரை அவரையே பார்த்தாள். மாட்டி முடிந்ததும், அவளுக்குப் பக்கத்தில் வைத்த புத்தகப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலோரம் வைக்க வேண்டும், அதுதான் அவற்றின் இடம் என்றாள். மணிமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சக்கரபாணி நடுவுக்கு வந்துவிட்டார். அந்த மேட்டின்மேல் இரண்டு பாதங்களையும் வைத்தபோது முழங்கால்கள் கிட்டத்தட்ட நெஞ்சைத் தொட்டன.

“இத்த புடிங்க” என்று பொன்னி ஒரு தாளை நீட்டினாள். அன்றைக்கு வரைந்தது; பச்சையும் நீலமும் ஈரமாக இருந்தன. மரமா யானையா என்று தெரியவில்லை. “ரெண்டு கையாலயும் புடிங்க. இன்னும் காயல.”

இரண்டு மூலைகளையும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டார். கார் மணிமாறனின் வீட்டுக்குப் போகத் தார்ச்சாலையைவிட்டு ஆற்றோரத் தடத்தில் இறங்கியது. அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. இந்த நேரத்தில் அவரைக் கூப்பிடுகிறவள் கலைமதி ஒருத்திதான். குனிந்து பார்க்க முழங்கால் விடவில்லை. எடுக்கக் கை இல்லை. நெஞ்சுக்குமேல் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தாளில் பச்சை ஒரு சொட்டாகத் திரண்டு நீலத்தை நோக்கி இறங்கியது. சக்கரபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது நீலத்தைத் தொடாதபடி தாளை மெல்ல மறுபக்கம் சாய்த்தார்.